‘அண்ணன் மகள்’ என்று மட்டும் எழுதினால் எப்படி?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் சினிமாக் குடும்பங்கள் பற்றி இரண்டு பக்கம் போட்டிருந்தீர்கள். படங்கள் நன்றாக இருந்தன. பரமக்குடிக் குடும்பத்துக்கு அரைப்பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். அதில் சுஹாசினிக்குக் கிடைத்தது ஒரே ஒரு வரி. கமல்ஹாசனின் அண்ணன் மகள், சாருஹாசனின் மகள், மணிரத்னத்தின் மனைவி, நடிகை. அவ்வளவுதான்.

நான்கும் உண்மை. ஆனால் ஒரு படத்தை இயக்கியவர், தொலைக்காட்சித் தொடர் எடுத்தவர், வசனம் எழுதியவர், எல்லாவற்றுக்கும் முன்னால் கேமரா படித்தவர் என்பதில் ஒன்றுகூட அந்த வரியில் இல்லை. படித்துவிட்டுப் பேப்பரை மடித்து வைத்தேன். அப்புறம் மனசு கேட்கவில்லை. எனக்கு அறுபத்து மூன்று வயதாகிறது. பேப்பருக்குக் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். காரைக்குடியில் கொப்புடையம்மன் கோயில் பக்கம் எங்கள் அப்பா போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். அப்பாவுக்குக் கேமராப் பைத்தியம் பிடித்த கதையே தனி. 1946இல் ஏவி.மெய்யப்பச் செட்டியார் தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டு ஏவிஎம் ஸ்டூடியோவை ஆரம்பித்தபோது அப்பாவுக்குப் பன்னிரண்டு வயது. ‘நாம் இருவர்’ படம் அங்கேதான் எடுத்தார்கள். வேலி ஓரத்தில் நின்று லைட் எரிவதைப் பார்த்தேன் என்பார். படம் 1947 பொங்கலுக்கு வந்தது, அடுத்த வருஷமே ஸ்டூடியோ மெட்ராஸுக்குப் போய்விட்டது. போகாமல் இங்கேயே இருந்திருந்தால் நானும் சினிமாவில்தான் இருந்திருப்பேன் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். ஸ்டூடியோ போனது, ஆசை போகவில்லை. ஒரு யாஷிகா வாங்கிக் கல்யாணப் படம் எடுக்க ஆரம்பித்தார். ஆண் பிள்ளை இல்லாததால் டார்க் ரூமில் சிவப்பு பல்பின் கீழ் படம் கழுவுகிற ஹைப்போ வாளி தூக்க நான் போனேன். பள்ளிக்கூடம் முடித்த வருஷம் கேமராவும் கைக்கு வந்தது.

அதனால் குடும்பத் தொழில் என்றால் என்ன என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். வாசல் திறந்திருக்கும், உண்மைதான். உள்ளே போனபிறகு எடுக்கிற ஒவ்வொரு படத்துக்கும் ‘அப்பா எடுத்ததா?’ என்று கேட்பார்கள் என்பதும் அதே அளவுக்கு உண்மை.

1983 ஆவணியில் ஒரு செட்டியார் வீட்டுக் கல்யாணம். அப்பாவுக்குக் காய்ச்சல், நான் தனியாகப் போனேன். முகப்பிலேயே நிறுத்தி, ‘அப்பா வரலையா?’ என்றார்கள். வரவில்லை என்றேன். ‘அப்ப யாரு படம் எடுக்கிறது?’ கேட்டது பெண்ணின் அப்பத்தா. நல்ல மனுஷிதான், கேலி செய்யவில்லை, நிஜமாகவே சந்தேகம். நான்தான் ஆச்சி என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

செட்டிநாட்டு வீட்டு வளவில் படம் எடுத்தவர்களுக்குத் தெரியும், அங்கே வெளிச்சம் ஒரு தினுசானது. நடு முற்றத்தில் மேலிருந்து வெயில் கொட்டும். சுற்றிலும் பர்மாத் தேக்குத் தூண் வெளிச்சத்தைக் குடித்துவிடும். சுவரோ முட்டை வெள்ளைக்கரு கலந்து தேய்த்த சுண்ணாம்பு, கண்ணாடி மாதிரி மின்னும், வாங்கிய வெளிச்சத்தில் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிடும். சினிமாவில் தெர்மோகோல் பிடிப்பார்களே, அந்த வேலையை இங்கே சுவரே செய்கிறது. திருப்பூட்டுக்கு, அதாவது தாலி கட்டுவதற்கு, பெண்ணைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். அப்பா சொல்லிக் கொடுத்தபடி ஃபிளாஷ் அடித்தால் கழுத்துரு என்கிற பெரிய தாலியின் பொன் அத்தனையும் வெள்ளையாக எரிந்துவிடும், பெண்ணின் முகம் மாவு பூசின மாதிரி ஆகிவிடும். முன்பு அப்படித்தான் ஆகும், பிறகு நெகட்டிவில் பென்சிலை வைத்து டச்சிங் செய்துகொண்டு கிடப்போம். அன்றைக்கு நான் ஃபிளாஷை அணைத்துவிட்டேன். குறைந்த வெளிச்சத்திலும் பதிகிற 400 ஏஎஸ்ஏ ரோல், லென்ஸை முழுசாகத் திறந்து முப்பதில் ஒரு செகண்ட், மூச்சைப் பிடித்துக்கொண்டு பன்னிரண்டு படம். பக்கத்தில் நின்ற மாமா ஒருவர், ‘என்னம்மா, லைட்டு வேலை செய்யலையா?’ என்று மூன்று தரம் கேட்டார்.

பன்னிரண்டில் நான்கு ஆடிவிட்டது. மிச்சம் எட்டும் அந்த வீட்டு ஆல்பத்தில் இன்னும் இருக்கிறது.

அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று சொல்லத்தான் இவ்வளவும். கேமராமேன் அசோக்குமார் எடுத்த படங்களைப் பார்த்துப் பார்த்து வந்தது. 1979இல் ‘உதிரிப்பூக்கள்’, அடுத்த வருஷம் ‘ஜானி’, ‘நெஞ்சத்தைக் கிள்ளாதே’. ஜன்னலிலிருந்து வருகிற வெளிச்சம் ஜன்னலிலிருந்து வருகிற மாதிரியே இருக்கும் அந்தப் படங்களில். அதுவரை தமிழ்ப் படத்தில் ராத்திரி சமையல்கட்டுக்கூடக் கல்யாண மண்டபம் மாதிரி பளிச்சென்று இருக்கும். ‘நெஞ்சத்தைக் கிள்ளாதே’ படத்துக்கு அசோக்குமாருக்கு ஒளிப்பதிவுக்கான தேசிய விருதும் கிடைத்தது. அந்தப் படத்தில் காலை வெயிலில் ஓடுகிற புதுமுகம் சுஹாசினி, சென்னைத் திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்தவர், அசோக்குமாரிடமே உதவியாளராக இருந்தவர், டைரக்டர் மகேந்திரன்தான் அவரைக் கேமராவுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார் என்று பத்திரிகையில் படித்தேன். படித்த அன்றைக்கு எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. என்னைவிட ஒரு வயதுதான் மூத்தவர். பெண் பிள்ளை லைட் மீட்டர் பிடிக்கலாம் என்பதற்கு எனக்குக் கிடைத்த முதல் அத்தாட்சி அதுதான். அவர் யாருடைய அண்ணன் மகள் என்பது அந்தக் கட்டுரையில் இரண்டாவது பத்தியில் வந்தது. 1980இல் ஒரு பத்திரிகைக்குத் தெரிந்த வரிசை இப்போது மாறிப்போயிருக்கிறது.

அந்தப் படத்தை மறுபடி பார்க்கிற வாசகர்கள் ஒன்றைக் கவனித்துப் பார்க்கட்டும். புதுமுகம் என்றால் வெளிச்சம் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் முகத்தை எங்கேயாவது திருப்பிக்கொண்டு நிற்கும். இவர் திரும்புகிற திருப்பமெல்லாம் வெளிச்சத்துக்குள் வந்து நிற்கிறது. கேமராவுக்குப் பின்னால் நின்று பழகினவருக்குத்தான் அது வரும். இதை நான் நிச்சயமாகச் சொல்வேன், முப்பது வருஷம் மணப்பெண்களின் தாடையைப் பிடித்து ‘கொஞ்சம் இப்படி’ என்று திருப்பினவள்.

நடிப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஊருக்கே தெரியும். பாலசந்தரின் ‘சிந்து பைரவி’க்காக 1985ஆம் வருஷத்துக்கான சிறந்த நடிகை தேசிய விருது. சித்தப்பா அதற்கு முன்பே ‘மூன்றாம் பிறை’க்கு வாங்கிவிட்டார். மகளுக்கு அடுத்த வருஷ விருது அப்பா சாருஹாசனுக்கு, கிரீஷ் காசரவள்ளியின் கன்னடப் படம் ‘தபரன கதெ’க்கு. ஒரு வீட்டில் மூன்று பேர், மூன்று பேரும் தேசிய விருது. இளையான்குடியைத் தாண்டினால் பரமக்குடி, எங்களுக்கு அது பக்கத்து ஊர் மாதிரிதான். அந்தப் பெருமையில் எங்களுக்கும் ஒரு கைப்பிடி உண்டு. உங்கள் கட்டுரை கமலுடைய விருதை எழுதியது, மற்ற இரண்டையும் விட்டுவிட்டது. சாருஹாசனையும் அப்படி விட்டது எனக்குக் கூடுதல் வருத்தம்.

சரி, டைரக்‌ஷனுக்கு வருகிறேன்.

1990களின் தொடக்கத்தில் தூர்தர்ஷனில் ‘பெண்’ என்று ஒரு தொடர் வந்தது. சுஹாசினி எடுத்தது. தொடர் என்றால் இப்போது வருகிற மாதிரி ஆயிரம் நாள் இழுவை இல்லை. ஒவ்வொரு முறையும் ஒரு தனிக்கதை, ஒரு பெண். அன்றைக்கு எங்கள் வீட்டில் மொட்டை மாடி ஆன்டெனாவைக் கொடைக்கானல் பக்கம் திருப்பி வைத்தால்தான் படம் தெளியும். நான் மேலே நின்று திருப்ப, கீழே அம்மா ‘இப்ப வந்திருச்சு, விடு விடு’ என்று கத்துவார். கையை விட்டால் மறுபடி புள்ளி புள்ளியாகிவிடும். அதனால் ஒரு கதையில் பாதியை நான் ஆன்டெனாவைப் பிடித்துக்கொண்டே காதால் மட்டும் கேட்டேன். அப்படிக் கேட்டும் கதை புரிந்தது என்றால் வசனம் எவ்வளவு சுத்தமாக இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் பெண்கள் பேசுகிற மாதிரியே பேசினார்கள். அம்மா சினிமாவையே நம்பாதவர். ‘இது நம்ம வீட்டுச் சண்டை மாதிரியே இருக்கே’ என்றார் ஒரு தடவை. அவர் வாயிலிருந்து அதற்கு மேல் பாராட்டு வந்து நான் கேட்டதில்லை.

1995இல் ‘இந்திரா’. சாதியால் இரண்டாகப் பிளந்து கிடக்கிற ஊர், அதில் அப்பாவின் இடத்தில் வந்து நிற்க வேண்டியிருக்கிற ஒரு மகள். கதாநாயகி அனுஹாசனுக்கு அதுதான் முதல் படம். அவரும் அதே குடும்பம், சந்திரஹாசனின் மகள், சுஹாசினிக்குச் சித்தப்பா மகள். கூட அரவிந்த்சாமி. ஒளிப்பதிவு சந்தோஷ் சிவன், இசை ஏ.ஆர்.ரகுமான். ‘நிலா காய்கிறது’ பாட்டு இதில்தான், வைரமுத்து எழுதியது. பாடகி ஹரிணிக்கு அதுதான் முதல் பாட்டு. இன்றைக்கும் எங்கள் தெருவில் எந்த வீட்டுப் பிள்ளையைப் பாடச் சொன்னாலும் அந்தப் பாட்டு வரும், ஆனால் படத்தின் பெயரைக் கேட்டால் முழிக்கும்.

காரைக்குடியில் மாலைக் காட்சிக்கு நானும் என் வீட்டுக்காரரும் போனோம். டைட்டிலில் இயக்கம் சுஹாசினி என்று வந்தபோது நான் கையைத் தட்டிவிட்டேன், தியேட்டரில் நான் ஒருத்திதான் தட்டினேன். பின் சீட்டில் ஒருத்தர், ‘வீட்டுக்காரர் பின்னாடி நின்னுருப்பாரு’ என்றார். எனக்கு முகப்பில் நிறுத்திக் கேட்ட அந்த அப்பத்தா ஞாபகம் வந்தது. திரும்பி ஏதாவது சொல்லலாம் என்று பார்த்தேன், என் வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டார்.

படம் குறையே இல்லாதது என்று சொல்ல மாட்டேன். இரண்டாம் பாதியில் ஆளாளுக்கு நின்று பேசுகிறார்கள், மேடைப் பேச்சு மாதிரி இருக்கிறது சில இடம். முடிவுக்கும் அவசரப்பட்ட மாதிரி எனக்குப் பட்டது. ஆனால் அந்த ஊர்! தண்ணியும் பச்சையும் புழுதியுமாக ஒரு ஊரைக் காட்டியிருப்பார்கள் பாருங்கள். சந்தோஷ் சிவன் பெரிய கேமராமேன், அதில் சந்தேகமில்லை. ஆனாலும் கேமரா தெரிந்த டைரக்டருக்கும் தெரியாத டைரக்டருக்கும் கேமராமேனிடம் கேட்கிற கேள்வியே வேறாக இருக்கும். எங்கள் தொழிலிலேயே அது உண்டு. ‘நல்லா எடும்மா’ என்கிற வீடு ஒன்று, ‘பந்தல் பக்கம் போகாதே, பச்சை அடிக்கும்’ என்கிற வீடு ஒன்று. இரண்டாவது வீட்டில்தான் படம் நன்றாக வரும்.

அப்புறம் வசனம். 1997இல் மணிரத்னத்தின் ‘இருவர்’ படத்துக்கு வசனம் சுஹாசினி. அரசியல் மேடையும் சினிமா மேடையும் ஒன்றாகிப் போன காலத்தின் தமிழ் அது. கண்ணதாசன் பிறந்த சிறுகூடல்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற எங்களுக்கு அடுக்குமொழி என்றால் காது நிமிர்ந்துவிடும், தப்பாக எழுதினால் உடனே தெரிந்தும்விடும். அந்தப் படத்தில் தெரியவில்லை. 2010இல் ‘ராவணன்’ வசனமும் அவர்தான், அது எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. காட்டுக்குள் இருப்பவர்கள் எல்லாரும் ஒரே தினுசாகப் பேசுகிற மாதிரி இருந்தது.

‘இந்திரா’வுக்குப் பிறகு அவர் இயக்கி நான் பார்த்தது 2020இல்தான். ஊரடங்கு நேரத்தில் ஐந்து டைரக்டர்கள் ஆளுக்கு ஒரு குறும்படம் எடுத்து ‘புத்தம் புதுக் காலை’ என்று அமேசான் பிரைமில் வந்தது. அதில் ஒன்று ‘காபி, எனிஒன்?’. இயக்கம் சுஹாசினி, நடிப்பும் சுஹாசினி. கூட அனுஹாசன், கமலின் மகள் சுருதி. நினைவில்லாமல் படுத்திருக்கிற அம்மாவாகச் சுஹாசினியின் சொந்த அம்மா கோமளம் சாருஹாசன். வெளியே போக முடியாத நாளில் வீட்டில் இருக்கிறவர்களை வைத்தே ஒரு படம் எடுத்துவிட்டார்கள். குடும்பத்தில் எல்லாரும் நடிப்பார்கள் என்றால் இதுதான் சௌகரியம் என்று சிரித்துக்கொண்டேன். நான் அந்தச் சமயத்தில் என் அம்மாவைக் கட்டிலில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மா படுத்திருக்கிற விதம், பக்கத்தில் நின்றுகொண்டு மற்றவர்கள் சாதாரணமாகப் பேசிக்கொண்டே போகிற விதம், அதெல்லாம் பார்த்தவர்களுக்குத்தான் எடுக்க வரும். என் அம்மாவுக்கும் காபி என்றால் உயிர். டம்ளரை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் கண் இமை ஆடும்.

‘இந்திரா’வுக்கும் இதற்கும் நடுவில் இருபத்தைந்து வருஷம். இடையில் நடித்தார், எழுதினார், தொலைக்காட்சியில் வந்தார். ஆனால் ‘இந்திரா’ மாதிரி ஒரு முழுப் படத்தை எடுத்தவர் அடுத்ததற்கு இவ்வளவு காலம் எடுத்துக்கொண்டார் என்றால், அதைப் பற்றி எழுத வேண்டிய இடம் உங்கள் மாதிரிப் பத்திரிகைதான். 1936இல் டி.பி.ராஜலட்சுமி ‘மிஸ் கமலா’ எடுத்தார். 1953இல் பானுமதி ‘சண்டிராணி’ எடுத்தார். 1969இல் சாவித்திரி ‘குழந்தை உள்ளம்’ எடுத்தார். மூன்று பேரும் நடிகைகள், மூன்று பேரையும் நாம் நடிகை என்று மட்டும்தான் சொல்கிறோம். ஆண் நடிகர் ஒருத்தர் ஒரு படம் இயக்கிவிட்டால் சாகும்வரை ‘நடிகரும் இயக்குநருமான’ என்று போடுகிறீர்களே, அந்த ஒரு வார்த்தைக்கு மை அதிகம் செலவாகிவிடுமா?

நான் கேட்பது பெரிசாக ஒன்றுமில்லை. அடுத்த தடவை அந்தக் குடும்பத்தைப் பற்றி எழுதும்போது உறவுமுறையோடு தொழிலையும் போடுங்கள். முடிந்தால் அவரைப் போய்ப் பார்த்து அசோக்குமாரிடம் வேலை பார்த்த நாட்களைப் பற்றி ஒரு பக்கம் கேட்டு வாங்கிப் போடுங்கள். எந்த லென்ஸை யார் தூக்கினார்கள், வெயில் போய்விட்டால் என்ன செய்தார்கள், அந்த மாதிரி. கமல் சித்தப்பாவாக எப்படி என்று கேட்கவே கேட்காதீர்கள், அது நூறு பேட்டியில் வந்தாயிற்று.

போன வருஷம் கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டில் ஷூட்டிங். எங்கள் பக்கத்தில் அது புதிசில்லை, வருஷம் முழுக்க ஏதாவது ஒரு வீட்டு வாசலில் ஜெனரேட்டர் வண்டி நிற்கும். நான் ஸ்டூடியோவை மூடி வெகுநாள் ஆகிவிட்டது, ஆனாலும் கால் சும்மா இருக்காது, வேடிக்கை பார்க்கப் போனேன். வளவில் பேன்ட் போட்ட ஒரு சின்னப் பெண், இருபத்திரண்டு இருபத்து மூன்று வயது இருக்கும், லென்ஸிலிருந்து நடிகரின் மூக்குவரை டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தாள். அளந்ததை மடித்த காகிதத்தில் குறித்தாள், மறுபடி அளந்தாள். சுவரில் முற்றத்து வெயில் அடித்து முகத்தில் திரும்பிக்கொண்டிருந்தது. அதை அவள் பார்த்துவிட்டாள், ஒரு ஆளைக் கூப்பிட்டுக் கறுப்புத் துணி பிடிக்கச் சொன்னாள். நான் துணி வேண்டாமே, அப்படியே நன்றாகத்தானே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு தூணுக்கு இந்தப் பக்கம் ஒரு அடி எடுத்து வைத்தேன்.

‘அம்மா, கொஞ்சம் தள்ளிக்கங்க,’ என்றாள், ‘ஃபிரேம்ல வர்றீங்க.’

இப்படிக்கு,
வாசகி,
காரைக்குடி.